காய்ச்சல் கேட்டுச் செபித்தேன்

ஆண்டவரிடம் நோய் நீங்கக் கேட்டவர்கள் நம்மில் அநேகர். நான் நோய் வரக் கேட்டவன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளைக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அம்மா அங்கேயே சுடாத பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிறவர். நான் இன்ஜினியரிங் முடித்து, அதே பேட்டையில் வேறொரு கம்பெனியில் சின்ன வயதிலேயே உற்பத்தி மேனேஜரானேன். ஏசி அறை, சுழல் நாற்காலி. அவர்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன். இதற்குமேல் உனக்கு ஓய்வு வேறா என்று மனசு கேட்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் கம்பெனிக்கு ஓடிவிடுவேன். லீவு எடுத்தால் எதையோ திருடியது போல இருக்கும்.

எங்கள் வீட்டில் பகலில் யாராவது படுத்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். நோயாளிக்குத்தான் பாய்.

சென்ற தவக்காலத்தில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. தூக்கம் போயிற்று. போன் அடித்தாலே நெஞ்சு படபடத்தது. சிலுவைப்பாதையில் முழங்காலில் இருந்தபடி கேட்டேன், ஆண்டவரே, எனக்கு ஒரு காய்ச்சல் கொடும், நாலு நாள் படுத்துக்கொள்கிறேன் என்று. கேட்கக் கூடாததைக் கேட்டேனா, தெரியவில்லை. காய்ச்சல் வரவில்லை.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள், சேத்தியாத்தோப்பில் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு மதியம் பைக்கில் திரும்பினேன். வழியில் கண் சொருகிவிட்டது. விழித்தபோது வயல் சேற்றில் கிடந்தேன். ஓடி வந்து தூக்கிய ஓர் அண்ணன் என் வாயருகே முகர்ந்து பார்த்தார்.

"குடிச்சிருக்கியா தம்பி?"

"இல்லண்ணே. தூங்கிட்டேன்."

"தூங்கறத வூட்ல தூங்கக் கூடாதா? பின்னாடி ஒரு பஸ்ஸு வந்திருந்தா என்ன ஆவறது?"

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆண்டவர் காப்பாற்றினார் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு வந்த நினைப்பு வேறு. ஒரு கால் ஒடிந்திருந்தால் நிம்மதியாகப் படுத்திருக்கலாமே. அந்த நினைப்புதான் விழுந்ததைவிடப் பயமாக இருந்தது. உயிரைக் காத்தவரிடம் நான் ஏமாற்றப்பட்டவன் போல நிற்கிறேனா?

மறுநாள் பூசையில் கையில் குருத்தோலையோடு நின்றேன். செபம் வரவில்லை. எனக்கு ஒரு நோயும் இல்லை ஆண்டவரே, ஆனால் முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டு, பாயை விரித்துப் படுத்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நெற்றியைத் தொட்டார். "சுடலியே. நேத்து வுழுந்ததுல எங்கனா வலிக்குதா?"

ஆமாம் என்ற பொய் நாக்கு வரை வந்தது. "ஒண்ணும் இல்லம்மா. சும்மா படுத்திருக்கேன்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நானும் செத்த நேரம் சாயறேன்" என்று பக்கத்திலேயே தரையில் படுத்துவிட்டார். அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

"நீ ஓடிக்கினே இருக்கசொல்ல, எனக்கு எப்புடி சாமி படுக்கத் தோணும்?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிற்கிறாரே என்றுதானே நான் ஓடினேன்?

மேனேஜரும் தூங்குறாரு, மேனேஜரோட அம்மாவும் தூங்குறாங்க, சோறு யாரு போடுவாங்க என்று வாசலில் அப்பா கேட்டார். பதில் சொல்வதற்குள் அம்மா உறங்கிவிட்டார். அப்பாவே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

காய்ச்சலைத் தராமல் விட்டதா, சேற்றில் காத்ததா, அம்மாவைப் படுக்க வைத்ததா, எது என் செபத்துக்குப் பதில் என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்தால் மனசு இப்போதும் முனகுகிறது. ஆனால் எழுந்திருப்பதில்லை. நான் எழுந்தால் அம்மாவும் எழுந்துவிடுவார்.

அன்பானவர்களே, நோயில்லாத களைப்பையும் கேட்கிற ஆண்டவருக்கு என் நன்றி. அவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். அவரை நம்பி இந்த ஞாயிறு பூசை முடிந்து கொஞ்சம் படுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் இன்னும் யார் யார் அதற்காகக் காத்திருந்தார்கள் என்று தெரியும்.