தங்கதுரையின் சாதுக் கொலைகள்

முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவில் தங்கதுரையின் வாடகை நூலகம் இருக்கிறது. இந்தக் காலத்தில் யார் புத்தகத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பத்து நாளைக்கு நாலு பேர் எடுக்கிறார்கள். அந்த நாலு பேரையும் அவர் விரட்டாத குறைதான். "சும்மா ஒரு புத்தகம் குடுங்க அண்ணாச்சி" என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், "சும்மா படிக்கணும்னா கரண்ட் பில்லப் படியும்வே" என்பார்.

கடையில் மூன்றே அலமாரிகள். முதலாவதில் 'சமூகம்' என்று அட்டை ஒட்டியிருக்கும், இரண்டாவதில் 'சரித்திரம்'. மூன்றாவதில் 'சாதுக் கொலை'. இந்தப் பெயர் அவரே வைத்தது. கடித்துக் குதறாத, வீட்டில் வைத்து வளர்க்கக்கூடிய கொலைகள் என்று விளக்கமும் சொல்வார். ஆங்கிலத்தில் இந்த வகைக்குக் 'கோஸி' என்று பெயர் என ஒரு கல்லூரிப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்தில் கோழிக்கடை இருப்பதால் அந்தப் பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அந்த மூன்றாவது அலமாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் ஆளே மாறிவிடுவார். ஒரு சின்ன ஊர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இருபது பக்கத்துக்குள் ஒரு சாவு விழும், ஆனால் ரத்தத்தைக் காட்ட மாட்டார்கள். போலீஸ்காரர் தப்பான ஆளைப் பிடித்து வைத்திருப்பார். ரொட்டிக்கடை நடத்தும் ஒரு அம்மாளோ, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரரோ, தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத விஷயத்தில் மூக்கை நுழைத்து வீடு வீடாகப் போய்ப் பேச்சுக் கொடுப்பார். நடுவில் டீ, கேக், மழை, ஒரு பூனை. கடைசியில் எல்லாரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, செய்தவன் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

"தினம் பேப்பரப் பிரிச்சா சாவுதான். எதுக்காவது முடிவு போட்டிருக்கானா? இதுல போட்டிருப்பான்" என்பார் தங்கதுரை.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களை மட்டும் அவர் விரட்டுவதில்லை. ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுக்கச் சொல்வார். ஒரே ஒரு சாவு போதும், இரண்டு மூன்று விழுகிற கதையெல்லாம் பழகின பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டு விஷயம் நிறைய வருகிறதா என்று புரட்டிப் பார்க்க வேண்டும், வந்தால் எழுதினவருக்கு மனிதர்கள் மேல் பிரியம் உண்டு என்று அர்த்தம். வரிசையாக வரும் கதைகளில் முதல் புத்தகத்தை விடக்கூடாது, அதில்தான் ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவனுக்கு அவர் அடுத்த புத்தகம் கொடுக்க மாட்டார்.

இத்தனை சொல்கிறவர், தான் ஏன் படிக்கிறார் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குக் கொலைகாரன் யாரென்பதில் அக்கறையே கிடையாது. தப்பாகப் பிடித்து வைத்திருந்தார்களே ஒரு ஆள், அவன் கடைசி அத்தியாயத்தில் எழுந்து வீட்டுக்குப் போவான். அந்தப் பக்கத்துக்காகத்தான் படிக்கிறார். அந்தப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

ஏனென்றால் அப்படிப் பிடிபட்ட ஒரு ஆளை அவருக்குத் தெரியும். அந்த ஆளுக்கு அப்படி ஒரு கடைசி அத்தியாயம் வரவே இல்லை. வராததற்குக் காரணம் தங்கதுரை.

இருபது வருஷத்துக்கு முந்தின கதை. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மழை ஏமாற்றி, உளுந்தும் போய், சொந்தக்காரர் ஒருவர் காலைப் பிடித்துத் துறைமுகத்தில் கணக்குப்பிள்ளை வேலைக்கு வந்து சேர்ந்தார் தங்கதுரை. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு சின்னக் கம்பெனி. இறங்குகிற உருப்படியைப் பென்சிலால் கோடு போட்டு எண்ண வேண்டும், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்து பதினோராம் நாள். பெரிய மரத்தடிகள் ஏற்றி வந்த கப்பல். கீழே சரக்கு அறையில் நாலு பேர் தடிகளுக்கு இரும்புக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் சுடலைக்கண்ணன். மேல்தளத்தில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டியவர் செந்தூர்பாண்டி. உட்கார்ந்த இடத்திலிருந்து அவருக்குக் கீழே நடப்பது தெரியாது. சரக்கு அறையின் விளிம்பில் நிற்கும் சிக்னல்காரர் குரல் கொடுத்தால்தான் தூக்குவார், இறக்குவார்.

கம்பெனி ஆபீசில் சுடலைக்கண்ணனுக்கு அவன் மனைவியிடமிருந்து போன் வந்திருந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். ஆளை வரச்சொல்லும்படி தங்கதுரையை அனுப்பினார்கள். அவர் கப்பலில் ஏறி விளிம்பில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இயந்திர இரைச்சலில் எடுபடவில்லை. சிக்னல்காரர் தண்ணீர் குடிக்க ஒதுங்கியிருந்தார். தங்கதுரை காட்டில் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டையைத் திறந்து, கீழே பார்த்து, "ஆபீஸ்... ஆபீஸ்" என்று கத்தினார்.

துறைமுகத்தில் வின்ச்சுக்கென்று இரண்டு சொற்கள் உண்டு. இறக்கு என்பதற்கு 'ஆரியா'. தூக்கு என்பதற்கு 'ஆபீஸ்'. எந்தக் கப்பல்காரன் பாஷையிலிருந்து தேய்ந்து வந்ததோ, அங்கே வேலை பார்த்துப் பழகிய எல்லாருக்கும் அது தெரியும். கரிசல்காட்டுக்காரருக்குத் தெரியாது. அவருக்கு ஆபீஸ் என்றால் மேஜையும் நாற்காலியும்தான்.

செந்தூர்பாண்டி தூக்கினார். பாதி மாட்டிய கயிற்றிலிருந்து தடி நழுவியது. சுடலைக்கண்ணன் உடலை மேலே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆயிற்று.

மூன்றாம் நாள் விசாரணையில்தான் தங்கதுரைக்கு விஷயமே விளங்கியது. "ஆபீஸ்னு சத்தம் வந்துச்சுய்யா, தூக்கினேன்" என்றார் செந்தூர்பாண்டி. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி, எந்த ஆபீஸ் என்று கேட்டார். யாரோ அர்த்தம் சொன்னார்கள். சிக்னல்காரர், தான் வாயையே திறக்கவில்லை என்று பிள்ளை மேல் சத்தியம் செய்தார். நீ எங்கே இருந்தாய் என்று தங்கதுரையையும் கேட்டார்கள். "போற வழியில டீ குடிக்கப் போயிருந்தேன், கப்பல்ல ஏறவே இல்ல" என்றார்.

பயம். வேறு ஒரு காரணமும் இல்லை. அந்தப் பொய்க்கு இதை எழுதுகிற நானும் எத்தனையோ சமாதானம் தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை. சிக்னல் இல்லாமல் தூக்கினார், முதல்நாள் குடித்திருந்தார் என்று எழுதி செந்தூர்பாண்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் எந்தக் கப்பலிலும் அவரைச் சேர்க்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து உப்பளத்து ஓடைப் பக்கம் போனவரை மறுநாள் காலையில் நாலு பேர் சேர்ந்து பிணமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் மகள் ரம்யாவைப் பள்ளிக்கூடத்தில் 'ஆளக் கொன்னவன் மவ' என்று கூப்பிட்டார்கள். அவள் பத்தாவதோடு நின்று திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

செந்தூர்பாண்டியின் மனைவி செண்பகம் முத்தையாபுரத்தில்தான் இருக்கிறாள். தங்கதுரை ஓய்வு பெற்றபின் கடையை அங்கே ஏன் போட்டார் என்று கேட்டால், வாடகை குறைவு என்பார். இருக்கலாம்.

போன தை மாதம் அவள் கடை வாசலில் வந்து நின்றாள். இறால் கம்பெனியில் ஐஸில் கை வைத்து வைத்து விரல் மரத்துப்போய், வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"வீட்ல சும்மா இருந்தா கண்டதையும் நெனச்சுக் கெடக்கு அண்ணாச்சி. டிவி ஓடல. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். எங்கன ஆரம்பிக்கதுன்னு சொல்லுங்க" என்றாள்.

மற்றவர்களுக்கு அரை மணி நேரம் பாடம் நடத்துகிறவர், அவளை நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கு வந்தவளை மறுநாள் வரச் சொன்னார். மூன்று நாளும் அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். தப்பாக ஒருவன் பிடிபடாத சாதுக் கொலை ஒன்று வேண்டும். அப்படி ஒன்றுகூட இல்லை. எல்லாக் கதையிலும் ஒரு அப்பாவி மாட்டியிருந்தான். கடைசியில் மலையூர் ரொட்டிக்கடைக்காரி துப்பறியும் ஒரு ஒல்லிப் புத்தகத்தைக் கொடுத்தார்.

நாலாம் நாள் திருப்பிக்கொண்டு வந்தாள். "இவ ரொட்டிக்கடையத் தெறக்கவே மாட்டேங்காளே. எப்பதான் யாவாரம் பாப்பா?" என்று கேட்டாள். தங்கதுரை பல வருஷத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். அடுத்ததைக் கொண்டு போனாள். ஒவ்வொன்றாக முடித்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவாள். யார் மேல் சந்தேகம் வந்தது, எந்தப் பக்கத்தில் வந்தது என்று விரலை வைத்துக் காட்டிச் சொல்வாள். இவளைப்போல் ஒரு வாசகர் அந்தக் கடைக்கு வந்ததில்லை. அவள் வருகிற நேரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் செய்தார், அவள் வந்தால் நடுங்கவும் செய்தார்.

ஏழாவது புத்தகத்தைத் திருப்பித் தந்த அன்று மத்தியானம், அவள் அடுத்ததைக் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். நீங்க போர்ட்ல இருந்தவியதான. எங்க வீட்டுக்காரவிய கதை தெரியும்லா?"

"தெரியும்" என்றார்.

"ஆபீஸ்னு சத்தம் கேட்டுச்சுன்னு அவிய சொன்னாவ. நான் சொல்லலன்னு சிக்னல்காரரு சத்தியம் பண்ணுனாரு. ரெண்டு பேருல ஒருத்தரு பொய்யின்னுதான் இத்தன வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன். நேத்து இந்தக் கதையப் படிச்சதுல இருந்து மண்டையில ஒண்ணு ஓடுது. ரெண்டு பேருமே உண்மையச் சொல்லியிருந்தா? வேற ஒருத்தன் சொல்லியிருந்தா?"

தங்கதுரை மேஜையில் இருந்த பதிவு நோட்டைத் திறந்தார், மூடினார்.

"போர்ட்ல வேல பாக்கவன் வெளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தைய அங்கன நின்னு சொல்ல மாட்டான். அப்ப அதுக்கு அர்த்தம் தெரியாதவனா இருக்கணும்லா. புதுசா வந்தவனா. நீங்க கணக்குப்பிள்ளையா இருந்தவிய. அந்தச் சமயத்துல புதுசா யாரு சேந்தான்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதான் கேக்கேன்."

அவள் முகத்தில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. தெரிந்த மனிதரிடம் விவரம் கேட்க வந்திருந்தாள், அவ்வளவுதான். ஒரு பெயரைச் சொல்லலாம். ஞாபகம் இல்லை என்று சொல்லலாம். டீ குடிக்கப் போயிருந்தேன் என்று சொன்ன வாய்க்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா என்ன? அவருக்கே அப்படித்தான் தோன்றியது. ஆனால் இவளிடம் பொய் வரவில்லை.

"நான்தான் தங்கச்சி" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் முதலிலிருந்து சொன்னார். போன் வந்ததை, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததை, சிக்னல்காரர் ஒதுங்கியதை, விசாரணையில் தான் சொன்ன பொய்யை. ஒன்றையும் விடவில்லை. கோழிக்கடையில் கத்தி போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சொல்லி முடித்துவிட்டு, அவள் செருப்பைக் கழற்றுவாள் என்று காத்திருந்தார். கழற்றினால் நல்லது என்றே நினைத்தார்.

"எழுதித் தாரேன். கம்பெனிக்கு, போலீசுக்கு, ரம்யாவுக்கு, யாருக்கு வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"அந்தக் கம்பெனியே இல்லியே" என்றாள் செண்பகம். பிறகு கேட்டாள். "எப்படிச் சொன்னிய?"

"என்னத்த?"

"அந்த வார்த்தையத்தான். அன்னைக்குச் சொன்ன மாதிரியே ஒருதரம் சொல்லுங்க."

அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"இப்படியா சொன்னிய? இது மேல வின்ச்சுல இருந்தவியளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? சத்தமாச் சொல்லுங்க."

தங்கதுரை எழுந்து நின்றார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்... ஆபீஸ்" என்று கத்தினார். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள்.

செண்பகம் தலையை ஆட்டினாள். அவள் அழவில்லை.

"ஆமா. ரெண்டாவத இழுத்துச் சொல்லுதியளே, அவியளும் அப்படித்தான் இழுப்பாவ. தூக்கத்துல இதத்தான் கத்துவாவ அண்ணாச்சி, சாவுத வரைக்கும். அக்கம்பக்கத்துல கேட்டுரக் கூடாதுன்னு நான்தான் வாயப் பொத்துவேன். பொத்திக்கிட்டு, தூக்கத்துலகூடவா பொய் சொல்லுதியன்னு கேப்பேன்."