நானே ஐந்து பார்வையாளர்கள்

2009-இல் சிதம்பரத்தில், எம்.எஸ்சி. இயற்பியல் கடைசிப் பருவ ப்ராஜெக்டில் நடந்தவை, வரிசைப்படி:

1. பச்சை, சிவப்பு, ஊதா என்று மூன்று லேசர்களை எடுத்துக்கொண்டேன். மூன்றுக்கும் மீட்டரில் ஒரே திறன் வருமாறு சரிசெய்தேன்.
2. திறன் ஒன்றானாலும் கண்ணுக்குப் பிரகாசம் ஒன்றாகத் தெரியாது. எது எவ்வளவு பிரகாசம் என்று பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டும்.
3. "ஒருத்தர் கண்ண வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. அஞ்சு பேராவது வேணும். இல்லன்னா இந்தப் பருவத்துல வைவா கிடையாது" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.
4. ஆய்வகச் சுவர் பழுப்பேறியிருந்தது. கடலூரிலிருந்து அம்மா துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பிய வெள்ளை பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டினேன்.
5. யாரும் வரவில்லை.

ஐந்தாவதற்குக் காரணம் நான்தான். முதல் வருடம் ரெக்கார்டு நோட்டுக்கு ரீடிங் கேட்டவர்களிடம் "நீங்களே எடுங்க" என்று சொல்லியிருந்தேன். அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகு மெஸ்ஸில் என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

"பத்து நிமிஷம் போதும். புள்ளியப் பாத்து சொன்னா போதும்" என்று அறைத்தோழியிடம் கேட்டேன்.

"நீயே எடுத்துக்க" என்றாள், தலைவாரியபடியே.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். "பாவம்டி, போயேன். உன் கண்ணுக்கும் மார்க் போடுவா."

திங்கட்கிழமை அட்டவணையைக் காட்ட வேண்டும். செவ்வாய் முதல் சனி வரை, ஜன்னல்களில் கறுப்புத் துணி மாட்டி, ஐந்து மதியங்கள் நான் ஒருத்தியே உட்கார்ந்தேன். நாளுக்கு ஒரு பத்தி: பார்வையாளர் 1, பார்வையாளர் 2. மூன்றாம் நாள் பேனாவை மாற்றினேன். நான்காமவருக்குக் 'கண்ணாடி அணிபவர்' என்று குறிப்பு எழுதினேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது.

ஐவரும் ஒன்றையே சொன்னார்கள். முதலில் பச்சை, அடுத்து ஊதா, கடைசியில் சிவப்பு. ஊதாதான் கடைசி என்கிறது புத்தகம். ஐந்து பேர் சொல்கிறார்களே என்று கொஞ்ச நேரம் நம்பவும் செய்தேன்.

சனிக்கிழமை, ஐந்தாவது பத்தியை முடித்த நேரத்தில், ஆய்வகம் கூட்டும் அக்கா கதவைத் தள்ளினார். கிள்ளையிலிருந்து பஸ்ஸில் வருபவர்.

"என்னா பாப்பா, சினிமா ஓட்டுறியா? ஒரு டிக்கெட்டும் போவலியா?"

"உட்காருங்கக்கா. எது ஜாஸ்தி வெளிச்சமா இருக்குன்னு சொல்லுங்க."

துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பச்ச. அப்புறம் இந்த நீலம்."

"அது ஊதாக்கா."

"எங்க ஊதா? பவுடர் போட்டுத் தொவச்ச சட்ட மின்னுமே, அந்த நீலம்தான தெரியுது."

லேசரில் 'ஊதா' என்று லேபிள் ஒட்டியவளே நான். ஐந்து நாளும் லேபிளைத்தான் பார்த்திருக்கிறேன். சலவைப் பவுடரில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். பரீட்சைக்குப் படித்த விஷயம். பெட்ஷீட்டை அவிழ்த்தேன். வெறும் சுவரில் ஊதாப் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது.

"அய்யய்யோ, எங்க போச்சு?" என்றார் அக்கா.

சலவைப் பவுடர் படாத வெள்ளைத் திரைக்காக, சாக்பீஸ் பொடியைக் குழைத்து ஒரு பலகையில் பூசினேன். அது காயும்வரை அவர் இருந்தார். "அஞ்சர பஸ்ஸுக்குப் போயிடுவேன், ஆமா" என்று மூன்று முறை சொன்னார். இந்த முறை ஊதா கடைசியில் வந்தது, அவருக்கும் எனக்கும். புதுத் தாளில் இரண்டு பத்திகள் மட்டும் எழுதினேன்.

திங்கட்கிழமை இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தேன்.

"சார், பழைய தாள்ல இருக்கிற அஞ்சு பேரும் நான்தான்."

அவர் நான்காவது பத்தியை நெடுநேரம் பார்த்தார். "கண்ணாடி கூட போட்டிருக்கியேம்மா" என்றார். பிறகு, "வைவா அடுத்த பருவத்துல."

வகுப்பில் எல்லோரும் முடித்துப் போனார்கள். அவர்கள் போன பிறகு மெஸ் சமையற்காரர், நூலக உதவியாளர், ஜெராக்ஸ் கடைக்காரர் மூவரும் ஆளுக்குப் பத்து நிமிடம் வந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது 2012. கடலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பட்டம் ஆறு மாதம் தாமதமாக வந்தது. ஆய்வேட்டின் அட்டவணையில் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஐவரும் வெவ்வேறு ஆட்கள். என்னோடு படித்தவர்கள் யாருடைய போன் நம்பரும் என்னிடம் இல்லை.