குவித்த புள்ளி

தென்காசியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் பார்க்கிறேன். காலையில் ஊசி குத்தி எடுப்பது, பகலில் மைக்ராஸ்கோப்பில் அணுக்களை எண்ணுவது. சர்க்கரை பார்க்க வந்த குற்றாலத்து அண்ணாச்சி ஒருநாள், ரத்தம் கொடுத்த கையில் பஞ்சை அழுத்தியபடியே, மறுகையால் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்தார். உள்ளே ஒரு வெள்ளி ரூபாய்.

“எம்மா, வருசத்துக்குக் கீழ எத்தன புள்ளி இருக்குன்னு ஒன் மிசின்ல பாத்துச் சொல்லுதியா? எனக்கு ஒண்ணாவும் தெரியுது, ரெண்டாவும் தெரியுது.”

எங்கள் மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் கீழேயிருந்து வரும். நாணயத்தை வைத்தால் வெறும் கறுப்பு வட்டம்தான். அவரிடம் இருந்த லென்ஸை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். ஒரு புள்ளிதான். இன்னொன்று அழுக்கு.

விக்டோரியா ராணியின் தலை போட்ட ரூபாய் அது. 1862 என்ற ஆண்டை மாற்றாமலேயே பத்து வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த வருடம் அடித்தது என்பதற்குக் குறியாகப் பின்பக்கம் கடுகைவிடச் சிறிய புள்ளிகள் வைத்தார்கள் என்பார்கள். புள்ளி கூடினால், இடம் மாறினால், அது வேறு அச்சு. சில அச்சுகளில் அடித்தவை ஏராளம், சிலவற்றில் மிகக் குறைவு. இதையெல்லாம் அண்ணாச்சிதான் சொன்னார். அருவிக்குப் போகிற சாலையில் அவருக்குக் கடை. முன்னால் பித்தளை விளக்கும் மரப்பெட்டியும், உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பழைய நாணயங்களும் இருக்கும்.

அதன்பிறகு ஏழு வருடம், அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இணைக்கிற சின்னக் கேமரா ஒன்றை என் சம்பளத்தில் வாங்கினேன். அண்ணாச்சி “புதுசு கணக்கா இருக்கு” என்று எடுத்துக் கொடுப்பார். ராணியின் கன்னமும் காதோரத்து முடியும் தேய்ந்திருப்பதைக் காட்டித் தரத்தை இரண்டு படி இறக்குவேன். முதலில் முகம் சுளிப்பார், அப்புறம் அப்படியே உறையில் எழுதுவார். அவர் கடையில் வாங்கினால் தரம் சரியாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர் யாராவது படியேறினால் நான் உள்பக்கம் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாகத்தான் தள்ளி உட்கார்ந்தேன்.

நான் கண்டுபிடித்ததும் அங்கேதான். ஒரு ரூபாயில் புள்ளியின் ஓரத்தில் இன்னொரு புள்ளியின் பிறை மாதிரியான விளிம்பு தெரிந்தது. அச்சைச் செதுக்கியவன் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்து, அழித்து, பக்கத்திலேயே மறுபடி வைத்திருக்கிறான். அண்ணாச்சியின் பெட்டிகளில் இருந்த நூற்றுக்கணக்கான ரூபாய்களை அலசி, அதே அச்சில் அடித்த இன்னும் இரண்டைப் பிடித்தேன். மூன்றாவதில் ஓரத்துப் பூவேலையின் இதழிலிருந்து விளிம்பு வரை மயிரிழை போல ஒரு மேடு ஓடியது. அடித்து அடித்து அச்சு விரிசல் விட்டிருக்கிறது. எது முதலில் அடித்தது, எது கடைசியில் அடித்தது என்று வரிசைப்படுத்த முடிந்தது. கையிலிருந்த எந்தப் பட்டியலிலும் இந்த அச்சு இல்லை. அன்று பஸ்ஸில் இலஞ்சி தாண்டும்வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

நான்கு பக்கம் எழுதி, படங்களைச் சேர்த்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். சேகரிப்பாளர் சங்கம் ஒன்று வருடாவருடம் மலர் போடும். “நான் அனுப்பிவிடுதேன், நீ கவலப்படாத” என்றார்.

மலர் வந்தது. கண்டறிந்தவர் என்று அவர் பெயர், பக்கத்தில் அவர் புகைப்படம். வாக்கியங்கள் என்னுடையவை. படங்களும் என்னுடையவை. அளவு தெரிவதற்காக நாணயத்துக்கு அடியில் நான் வைத்திருந்த கட்டம் போட்ட தாள்கூட ஓரத்தில் தெரிந்தது. என் பெயர் எங்குமே இல்லை. நன்றி என்று நான்கைந்து பேரைப் போட்டிருந்தார்கள், அதிலும் இல்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஞாயிறு. ஈரத்துண்டோடு ஆட்கள் கடைக்கு முன்னால் போய்வந்துகொண்டிருந்தார்கள். மலரை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

“அண்ணாச்சி, இது யாரு எழுதுனது?”

“நீதான் எழுதுன. யாரு இல்லன்னா?”

“அப்ப எம்பேரு எங்க?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. “எம்மா, ஒனக்குப் பேரு வந்து என்ன செய்யப் போற? நாளைக்கு எவனாவது ஒம் போனுக்குக் கூப்புடுவான், அத வச்சி ஒங்க வீட்டுல ஒரு பேச்சு வரும். எனக்குன்னா யாவாரத்துக்கு ஆவும். காசு என்னுது. நான் காட்டலேன்னா நீ எங்கன பாத்திருப்ப, சொல்லு?”

கடைசியாகக் கேட்டது உண்மைதான். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து உள்ளேயிருந்து ஒரு உறையை எடுத்து வந்தார். “இந்தா, ஒன் அச்சுல நாலாவது. புளியற பக்கம் ஒருத்தன்ட்ட கெடச்சுது. பாத்துச் சொல்லு, நல்லாருக்கா?”

லென்ஸில் பார்த்தேன். புள்ளியைச் சுற்றிச் சின்னப் பள்ளம். அச்சில் பிறந்த புள்ளியைச் சுற்றி அப்படி இருக்காது. தளத்தைச் சுரண்டி, வெள்ளியை ஒதுக்கிக் குவித்துப் புள்ளியாக்கி, பக்கத்தில் பிறையையும் கீறியிருந்தான் எவனோ. மலரில் வந்த என் படத்தைப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும். கீறல்கள் இன்னும் பளபளத்தன.

“நல்லாருக்கு அண்ணாச்சி” என்றேன்.

படியிறங்கி மழையிலேயே நடந்தேன். அவர் அதை மலர் மாதிரியே பெருமையாக எல்லோருக்கும் காட்டுவார், ஒருநாள் நாலு பேர் முன்னால் அவமானப்படுவார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பல நாள் இனித்தது. கடைப்பக்கம் அப்புறம் நான் போகவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். சிவகிரியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் இருக்கும் இதய டாக்டரிடம் வழக்கமாக வருகிறவர். அன்று ரத்தம் கொடுக்க வரவில்லை.

“மேடம், நாணயம் பாக்குற அம்மா நீங்கதானா?”

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை. அவர் கைப்பையிலிருந்து எடுத்த உறையைக் கண்டதும் அது எந்த நாணயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“முப்பது வருசமா இந்த ராணி ரூபாயில ஒவ்வொரு அச்சாச் சேத்துட்டு வாரேன். இது ஒண்ணுதான் கொறையா இருந்துச்சு, குத்தாலத்து அண்ணாச்சிட்ட வாங்குனேன். ஒரு பையன் இத பாத்துட்டுப் போலிங்குதான். அண்ணாச்சிட்டயே போய்க் கேட்டேன். ‘லேப் அம்மா பாத்து நல்லாருக்குன்னு சொன்னதாக்கும், அந்தம்மா கண்ணு தப்பாது, வேணும்னா அங்கனயே போய்க் கேளும்’னுட்டாரு.”

ஏழு வருடத்தில் அண்ணாச்சி என் பெயரைச் சொல்லிக்கொண்டது இந்த ஒரு நாணயத்துக்குத்தான்.

கேமராவில் வைத்து அவருக்கே காட்டினேன். பள்ளம், கீறல், குவித்த வெள்ளி. அவர் திரையில் தெரிந்த பள்ளத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார், “அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியலையாம்மா?”

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நான், “தெரிஞ்சுது சார்” என்றேன். மலரைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல, அது அவருக்குச் சம்பந்தமே இல்லாத கதையாக என் காதுக்கே கேட்டது.

“அவரு ஒங்களுக்குச் செஞ்சது தப்புதான். நான் என்ன செஞ்சேன்?” என்றார்.

அண்ணாச்சி நாணயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது. வேண்டுமென்றே அவரைக் கவிழ்க்கப் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த மலரிலும் அந்த அச்சுக்கு அவர் பெயர்தான். ஆசிரியர் தன் ரூபாய்களை மொத்தமாக விற்றுவிட்டு, சேகரிப்பதையே விட்டுவிட்டார் என்றார்கள்.

டாக்டரைப் பார்க்க அவர் இப்போதும் வருகிறார். ரத்தம் எடுக்க நான் ஊசியோடு எழுந்தால், எனக்கு வலிக்காதபடி மரியாதையாகவே சொல்வார்: “பரவால்ல, அந்தப் புள்ள வரட்டும்.” என்னோடு வேலை பார்க்கும் பெண் வரும்வரை, மடித்த சட்டைக் கையோடு பெஞ்சில் காத்திருப்பார்.