பால்கனியில் ஆபீஸ், ஹாலில் சோபா

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தையல் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் கூலியாக நுழைந்து, அதே தெருவில் மூன்று மாடி வீடு கட்டியவன். யாரும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் எழுதப்போகும் மனிதர் பட்டம் வாங்கியவர். ஆனாலும் ஓர் ஆள் உட்கார எவ்வளவு இடம் வேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவர் என் வீட்டு இரண்டாவது மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர். பெரிய ஃபர்னிச்சர் கடையில் விற்பனையாளர். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். அதனால் தெருவுக்கே அவர் 'டேப்பு'. ஆள் பேச ஆரம்பித்தால் ஸ்டூல் வாங்க வந்தவன் கட்டிலோடு போவான். அந்த வாய்க்காகவே ஒரு வருஷம் கடையில் பரிசு கொடுத்தார்கள். மூலையில் மடங்கி இரண்டு சுவரை விழுங்கும் சோபா. ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் இருப்பது மூன்றே பேர். வந்து நாலு வருஷம் ஆகியும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை, அழுக்காகிவிடுமாம். விருந்தாளிகள் தரையில் உட்கார்ந்து சோபாவைத் தரிசித்துவிட்டுப் போவார்கள்.

அவர் மனைவிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போனில் பேசும் வேலை. அந்தச் சம்பளம்தான் வீட்டை ஓட்டுகிறது. டேப்புவின் சம்பளம் பின்னால் தள்ளுகிறது. கம்பெனிக்காரன் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, இனிமேல் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டான். ஒரே நிபந்தனை. பேசுவது ஊரார் நோய் நொடி விவரம், வேறு காது கேட்கக்கூடாது. கதவு சாத்திய தனி இடம் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் வீடியோவில் பார்ப்பார்கள், இல்லையென்றால் வேலை கிடையாது.

ஹாலில் சோபா. படுக்கையறையில் அவள் தம்பி. குடோனில் ராத்திரிக் காவல், பகல் முழுக்கத் தூக்கம். அவன் குறட்டை கீழே என் கடையில் தையல் மெஷினையும் மீறிக் கேட்கும். சமையலறையில் குக்கர். மிச்சம் ஏழடிக்கு நாலடி பால்கனி ஒன்றுதான். அதை அடைத்துக்கொள்ள நான்தான் அனுமதி கொடுத்தேன். எந்த வீட்டுக்காரன் கொடுப்பான்?

டேப்பு மூன்று வாரம் படம் வரைந்தார். ஒவ்வொரு படத்தையும் என்னிடம் கொண்டுவந்து விளக்கினார். காற்று எப்படி வரும், வெளிச்சம் எந்தப் பக்கம் விழும், முழங்கை எந்தக் கோணத்தில் மடங்கும் என்றெல்லாம். அப்புறம் பிளைவுட் அடித்து, கண்ணாடி ஜன்னல் வைத்து, ஒரு பக்கம் மேஜை பொருத்தினார். மறுபக்கம் ஏற்கெனவே வாஷிங்மெஷின். தானே நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, சாய்ந்து பார்த்து, பிரமாதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் ஆறடி. அவளோ ஐந்தடியைத் தொடாதவள். யார் போடுவாரோ அவர் உடம்பில்தானே அளவு எடுக்க வேண்டும்? என் ஐம்பது வருஷத் தொழிலில், புருஷனை அளந்து பெண்டாட்டிக்கு ரவிக்கை தைத்த ஆள் என்று இவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

சோதனை நாளன்று என்னையும் அழைத்து ஹாலில் நிற்க வைத்தார், பெருமையைப் பார்க்க ஆள் வேண்டுமே. அவள் உட்கார்ந்தாள், பாதம் தரையை எட்டவில்லை. வீடியோவில் வந்த அதிகாரியம்மா கதவைச் சாத்திக் காட்டச் சொன்னார். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. பாதி வந்து நாற்காலி முதுகில் இடித்து நின்றது. அவள் எழுந்து, நாற்காலியைத் தூக்கி வாஷிங்மெஷின் மேல் வைத்து, கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்து அதிகாரியம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"கதவு ஓகே மேடம். நின்னுக்கிட்டேதான் வேலை பாப்பீங்களா?"

திங்கட்கிழமை வரை தவணை கொடுத்தார்கள். அது கடைசித் தவணை.

கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினால் தீர்ந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டேப்புவுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பால்கனிக் கதவுக்கு வெளியே, ஹாலில், ஒரு சாண் தூரத்தில் சோபாவின் கை. வேண்டுமென்றேதான் கதவை உள்ளே திறக்க வைத்திருக்கிறார். மூன்று வாரப் படத்திலும் சோபா மட்டும் அழிக்க முடியாத மையில் இருந்திருக்கிறது.

"சோபாவை எடுத்துடுங்க தம்பி," என்றேன்.

"ஐயா, அது பரிசுங்க," என்றார், பெற்ற பிள்ளையைக் கேட்டுவிட்டது போல.

அவள் கத்தவில்லை. செல்போனைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பரவாயில்லங்க. எனக்கு வேலை போனதும் ஏழு பேரைக் கூப்பிட்டு அதுல உக்கார வெச்சு துக்கம் விசாரிக்கச் சொல்லலாம்."

உள்ளே குறட்டை நின்றது. "மாமா, எனக்கும் ஒரு சீட்டு," என்று தம்பி குரல் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கிப்போனான்.

மறுநாள் அவள் என் கடைக்கு வந்து, சோபாவைப் படம் பிடித்து விற்பனைக்குப் போட்டுவிட்டதாகவும், சாயங்காலம் ஒரு வேன் டிரைவர் பார்க்க வருவதாகவும் சொன்னாள். தன் புருஷனுக்குத் தெரியாது, நான் கூட இருந்தால் தைரியம் என்றாள். நான் பக்கத்தில் நின்றால் யாருக்குத்தான் தைரியம் வராது?

டிரைவர் வந்தார். சோபாவைச் சுற்றி நடந்தார். தங்கள் வீடு சின்னது, இது தாங்காது என்று தயங்கித் திரும்பும் நேரத்தில் டேப்பு வேலை முடிந்து உள்ளே வந்தார். எனக்கே திக்கென்றது. ஆனால் டேப்புவின் காதில் விழுந்தது 'வீடு சின்னது' என்பது மட்டும்தான். அந்த வார்த்தையைக் கேட்டால் அவருக்கு உடம்பே மாறிவிடும் போலிருக்கிறது.

"சார், சின்ன வீட்டுக்குத்தான் பெரிய சோபா வேணும்," என்று ஆரம்பித்தார். டேப் தானாக இடுப்பிலிருந்து வெளியே வந்தது. உள்ளே இருக்கும் மரம், ஸ்பிரிங், மூன்று துண்டாகக் கழற்றும் வசதி, நாலு வருஷமாக ஒருவர்கூட உட்காராத புத்தம் புது மெத்தை. அரை மணி நேரம். கடைசியில் பிளாஸ்டிக் உறையைத் தன் கையாலேயே கிழித்து, டிரைவரை உட்கார வைத்தார். டேப்பு சொன்ன விலையைக் கொடுத்து டிரைவர் கைகுலுக்கினார். குலுக்கி முடித்த பிறகுதான் டேப்பு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இது... நம்ம சோபால்ல?"

"நல்லா வித்தீங்க," என்றாள் அவள்.

கதவை நானே ஆள் வைத்து வெளிப்பக்கம் திருப்பினேன். அவளை உட்கார வைத்து, முழங்காலையும் முழங்கையையும் தரையிலிருந்து அளந்து, நாற்காலிக் காலிலும் மேஜைக் காலிலும் நாலு விரற்கடை அறுக்கச் சொன்னேன். திங்கட்கிழமை கதவு முழுதாக மூடியது, பாதம் தரையில் பதிந்தது, வேலை தங்கியது.

நேற்று வாடகை விஷயமாக மேலே போனேன். காலி ஹாலில் டேப்பு மண்டியிட்டு, சுவரிலிருந்து சுவருக்கு டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்து பேர் உட்காருவது ஒன்று கடைக்கு வந்திருக்கிறதாம். சட்டைப்பையில் துணியில் குறி போடும் சாக்குக்கட்டி இருந்தது. பால்கனிக் கதவைக் கடைசிவரை திறந்து, அது போன வழியெல்லாம் தரையில் வளைவாகக் கோடு போட்டுவிட்டு வந்தேன்.