படமரத்துக்குள் போன கடைசித் தாள்

புதிதாக அச்சடித்த காகிதத்தின் மண்ணெண்ணெய் வாசனையும் பட்டுநூலின் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது, எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவேன். அது ஏன் என்று எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். ஐந்தாவது வரைதான் படித்தவள், எழுத்துக் கோணலாக வரும், ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன், பல விஷயம் மறந்தும் போச்சு. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்த வயதில் சாமி புத்தகம் படிக்காமல் டிவியில் குஸ்தி பார்க்கிறேன் என்று என் மருமகள் சிரிப்பாள். "அத்தே, எல்லாம் பொய்க் குஸ்தி, முன்னாடியே பேசி வச்சுக்கினு அடிச்சுக்கிறாங்க" என்பாள். பேசி வைத்துக்கொண்டுதான் அடிக்கிறார்கள், அது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். ஆனால் மேலே இருந்து முதுகு அடிபட விழுகிறானே ஒருத்தன், அந்த விழுதல் பொய்யா என்று யாரும் கேட்பதில்லை. தூக்கிப் போடுகிறவனுக்குப் பலம் இருந்தால் போதும், விழுகிறவனுக்குத்தான் தொழில் தெரிய வேண்டும். இது என் கட்சி. இந்தக் கட்சியை நான் முதலில் சொன்னது மெஹருவிடம்.

மெஹருன்னிசா என் வயசுக்காரி. அவள் அத்தா எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தறிக்காரர்களுக்குப் பழைய பேப்பர் இல்லாமல் வேலை ஓடாது. நெய்த பட்டு "படமரம்" என்கிற உருளையில் சுற்றிக்கொண்டே போகும். கை வேர்வையும் அழுக்கும் படாமல் இருக்க, நெய்த வரைக்கும் மேலே ஒரு தாளைப் போட்டு வைப்போம், துணி சுற்றும்போது தாளும் சேர்ந்து உள்ளே சுற்றிக்கொள்ளும், சேலையை அறுத்து எடுக்கும் அன்றைக்குத்தான் வெளியே வரும். அதிலும் வருஷம் ஆன தாளாகத்தான் போட வேண்டும். "பழைய பேப்பர் சாது, புதுசு கடிக்கும்" என்பார் என் அப்பா. அதனால் பாய் கடையில் நின்று ஒவ்வொரு தாளையும் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்து, விரல் கறுக்கவில்லை என்றால்தான் வாங்குவார்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னைத் தறிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டு பேர் வேண்டும். அப்பா உடலுக்கு நாடா, அதாவது குறுக்கு நூல் வைத்து இங்கும் அங்கும் ஓடவிடும் கட்டை, விடுவார், வலது ஓரத்தில் உட்கார்ந்து நான் கரைக்கு நாடா விடுவேன். இதற்குக் "கோர்வை" என்று பெயர். நான் போட்டால்தான் அவர் வாங்க முடியும், அவர் கொடுத்தால்தான் நான் போட முடியும். என் உடம்போ ஓரிடத்தில் நிற்காத உடம்பு. காலை ஆட்டுவேன், தண்ணீர் குடிக்க ஓடுவேன், ஒண்ணுக்குப் போக வேண்டும் என்பேன். "இன்னாமா நீ, எறும்புப் புத்து மேல உட்கார்ந்தா மாதிரி" என்று அப்பா சலித்துக்கொள்வார்.

அந்தக் கோடையில் என்னைக் காப்பாற்றியது மூன்று விஷயம். எதிர்வீட்டு ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பாட்டை வரிசை போட்டுச் சொல்வார்கள். முதலாவதாக வருகிற பாட்டு எனக்கு எப்போதுமே பிடிக்காது, அது ஊரே தூக்கிவிட்ட பாட்டு. நாலாவதோ ஐந்தாவதோ வரும் பாருங்கள், அதுதான் யாரும் தள்ளாமல் தானாக ஏறி வந்த பாட்டு. மெஹரு ஒப்புக்கொள்ள மாட்டாள். "ஜெயிச்சதுதாண்டி நல்ல பாட்டு, தோத்ததுக்கு நீ இன்னாத்துக்கு வக்காலத்து வாங்கறே" என்பாள். இரண்டாவது, மைதானத்தில் கொட்டகை போட்ட குஸ்தி. பொம்பளைப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள், மதில் ஓரமாக நின்று ஒலிபெருக்கியில் கேட்போம், பர்மா காளை என்று ஒருவர், முகமூடி பயில்வான் என்று ஒருவர், ஆளைப் பார்த்தது சுவரொட்டியில் மட்டும்தான். மூன்றாவது, வெண்கலச் சிறகன்.

வெண்கலச் சிறகன் படக்கதையில் வருகிறவன். பகலில் கணக்குப்பிள்ளையோ பாத்திரக் கடைக்காரனோ, ஊரில் யாரோ ஒருத்தன், ஆபத்து என்றால் முகத்தில் முகமூடியும் முதுகில் வெண்கலச் சிறகுமாகப் பறந்து வருவான். அவன் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, படிக்கிற எங்களுக்கும் தெரியாது. மெஹருவின் அண்ணன் வேலூரில் படித்துக்கொண்டிருந்தார், வரும்போதெல்லாம் வாங்கி வருவார். குஸ்தியில் முகமூடி போட்டவன் கெட்டவனாகவும் கதையில் முகமூடி போட்டவன் நல்லவனாகவும் இருக்கிறானே, ஏன் என்று நாங்கள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறோம். "மூஞ்சிய மறைக்கிறவன் பயந்தாங்கொள்ளி, அவன் யாரா இருந்தா இன்னா" என்பாள் அவள். நான் முகமூடிக் கட்சி. முகம் தெரியாமல் இருந்தால் யாராலும் தைரியமாக ஒரு காரியம் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றும். மெஹரு ஒருத்தியிடம்தான் நான் இப்படி வாய் ஓயாமல் பேசியது, மற்றவர்கள் கேட்டால் தலையைத்தான் ஆட்டுவேன்.

ஒரு வாரம் அவள் அண்ணன் வைத்துவிட்டுப் போன புத்தகத்தில் முகமூடியைக் கழற்றப் போகிறார்கள் என்று போட்டிருந்தது. மெஹரு தான் படிப்பதற்கு முன்னால் என்னிடம் கொடுத்தாள். "நீ மெதுவா எழுத்துக் கூட்டிக்கினு இருப்பே, நீ முதல்ல படி. அண்ணன் அடுத்த வெள்ளிக்கிழமை ஊர்லேந்து வருது, அதுக்குள்ள குடுத்துடு. தாள் கிழிஞ்சா என் முதுகு கிழியும்" என்றாள். வீட்டில் படிக்க எனக்கு ஏது நேரம்? நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, தாள் என்றால் அவருக்குத் தாள். புத்தகத்தின் ஊசியைக் கழற்றி, ஒவ்வொரு தாளாகத் துணி மேல் போட்டு, தலையைச் சாய்த்து, நாடா விட்டுக்கொண்டே படிப்பேன். அப்பா எழுந்தால் எடுத்துப் பாவாடைக்குள் வைத்துக்கொள்வேன்.

கடைசித் தாளுக்கு வந்தேன். மேல் பக்கத்தில் போலீஸ்காரர் கை சிறகனின் முகமூடி மேல் இருக்கிறது. திருப்பினால் முகம். அந்த நேரம் பார்த்துத் தாகம் எடுத்தது, இல்லை, தாகம் இல்லை, சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை, அதுதான் உண்மை. தண்ணீர் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, பானையைச் சுற்றி இரண்டு தடவை குதித்துவிட்டு வந்தேன். அதற்குள் அப்பா துணியைச் சுற்றிவிட்டார். தாளும் உள்ளே போய்விட்டது.

அப்பாவிடம் சொல்லியிருந்தால் படமரத்தைத் தளர்த்தி எடுத்துக் கொடுத்திருப்பார், நாலு திட்டு திட்டியிருப்பார், அவ்வளவுதான். வாய் வரவில்லை. சேலை பாதிதான் நெய்திருந்தது. சீக்கிரம் முடித்தால் வெள்ளிக்கிழமைக்குள் அறுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. தாகம் இல்லை, கால் ஆட்டம் இல்லை, விடிந்ததும் தறியில் போய் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிடுவேன். உள்ளுக்குள் நெஞ்சு நாடா மாதிரி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கும், கை மட்டும் தப்பாது. அப்பாவுக்கு ஒரே பெருமை. "எம் பொண்ணுக்குத் தொழில் புத்தி வந்துட்ச்சுபா, இனிமே எனக்கு இன்னா கவலை" என்று பக்கத்துத் தறிக்காரரிடம் சொன்னார். மிச்சத் தாள்களைக் கோத்துக் கொடுத்துவிட்டேன், குழாயடியில் மெஹரு கேட்பாள், "எங்கடி கடைசித் தாளு?" நாளைக்கு என்பேன். மறுநாளும் நாளைக்கு என்பேன். அப்புறம் அவள் வருகிற நேரம் பார்த்துக் குடத்தை எடுக்காமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமைக் காலையில் சேலையை அறுத்தார்கள். அப்பா பிரித்துக்கொண்டே வர, பழைய தாள்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன, என் தாள் மட்டும் விழவில்லை, ஒட்டியிருந்தது. கத்திரி வெயில் வேர்வையும் புது மையும் சேர்ந்துவிட்டது. அப்பா மெல்ல உரித்தார். மாம்பழ நிறப் பட்டில் வெண்கலச் சிறகனின் முகம் இருந்தது. இடம் வலம் மாறி, புகை மாதிரி, ஒரு கண், பாதி மீசை. மிச்சம் தாளில் இருந்தது, அதுவும் கலங்கி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்திருக்குமோ என்னவோ, பார்க்க விடவில்லை அப்பா. அது தென்னேரியில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு என்று ஜவுளிக்கடை முதலாளி சொல்லி நெய்த முகூர்த்தச் சேலை.

அப்பா கத்தவில்லை. தாளைத் தேய்த்துப் பார்த்தார், விரல் கறுத்தது. "பாய் புதுசைக் கலந்துட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். ஓடும்போதே சொல்லிவிட வேண்டும், அடுத்த வீடு தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வீடாகத் தாண்டினேன். கடை வந்துவிட்டது. தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"எத்தினி வருஷமா உங்கிட்ட வாங்கறேன் பாய். நம்பித்தானே வாங்கறேன். இது இன்னாதுன்னு நீயே சொல்லு."

பாய் தாளை வாங்கிப் பார்த்தார். அதன் ஓரத்தில் நீலப் பென்சிலில் அவர் மகன் பெயர் எழுதியிருந்தது. அது கடைத் தாள் இல்லை, அவர் வீட்டுத் தாள் என்று அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே தராசுக்குப் பக்கத்தில் நின்ற மெஹருவைப் பார்த்தார். மெஹரு என்னைப் பார்த்தாள். அப்புறம் பாயும் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டே வார்த்தை, நான்தான் போட்டேன். வரவில்லை.

"நம்ம கடைக் காயிதம்தான் அண்ணே" என்றார் பாய். "பாத்துக் குடுத்திருக்கணும், தப்பு நம்மளுது. வாங்க, முதலாளிகிட்ட நானே வந்து சொல்றேன்."

சொன்னபடி போய்ச் சொன்னார். கறை சேலையின் நடுவில், கொசுவத்துக்குள் மடிந்து மறையும் இடத்தில் விழுந்திருந்ததால் வேறு யாருக்கோ அதை விற்றார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன், அந்தப் பெண்ணுக்கு வேறு சேலை போனது. ஆனால் எங்கள் தெருத் தறிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வேறு கடைக்குப் போனார்கள். அப்பாவும் போனார். குழாயடியில் மெஹரு என் பக்கம் பார்க்காமல் தண்ணீர் பிடிப்பாள். ஒரே ஒரு நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "அத்தா வீட்ல யாரையும் ஒண்ணும் கேக்கல. உன்னையும் கேக்க வேணாம்னு சொல்லிட்டாரு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வருஷம் அவர்கள் கடையை எடுத்துவிட்டு ஊரை விட்டே போனார்கள், எந்த ஊர் என்று கேட்கக்கூட நான் போகவில்லை.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். குஸ்தி நடந்த மைதானத்தில் கார் நிற்கிறது. எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்று போனே எண்ணிச் சொல்லிவிடுகிறதாம், நாலாவது பாட்டுக்காகச் சண்டை போட ஆள் இல்லை. பறக்கிற வீரர்கள் படத்தில் வருகிறார்கள், ஊரைக் காப்பாற்ற ஊரையே இடிக்கிறார்கள், என் பேத்தி கைதட்டிப் பார்க்கிறாள், எனக்குப் பாதியில் எழுந்து போகத் தோன்றும். குஸ்தியை மட்டும் முழுசாகப் பார்ப்பேன். கனமான ஒருத்தன் தூக்கிப் போட, இன்னொருத்தன் அவன் பேர் கெடாமல் இருக்க முதுகைக் கொடுத்து விழுவான். கூட்டம் தூக்கினவனுக்குக் கத்தும். நான் பாயை நினைத்துக்கொண்டு எழுந்து நடப்பேன்.

இதில் தப்பு இருக்கலாம். சேலை மாம்பழ நிறமா, அரக்கா என்று சந்தேகம் வருகிறது, அறுத்தது வெள்ளிக்கிழமைதானா என்றும் உறுதியில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். வெண்கலச் சிறகன் முகமூடிக்குப் பின்னால் யார் என்பதைப் படித்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், மெஹருவுக்குச் சொல்லுங்கள், அவளும் அந்தத் தாளைப் படிக்கவே இல்லை. அவள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, கடையில் பழைய தாள்தான் இருந்தது, புதுத் தாளைப் போட்டவள் இந்தச் சரோஜாதான் என்று அதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.