பீரோ மேல இருக்கிற பெட்டியும் ஆயுத பூஜையும்

எங்க வீட்டு பீரோ மேல ஒரு கம்ப்யூட்டர் ஓடுது. மானிட்டர், கீபோர்ட், மவுஸ் எதுவும் கிடையாது. "அதெல்லாம் அதுக்குத் தேவையே இல்ல"ன்னு தெருவுக்கே பெருமையடிச்சு வச்சிருக்கேன்.

தம்பி சிங்கப்பூர்ல இருக்கான். இங்க பொறந்த மகளை இன்னும் நேர்ல பார்க்கல. போட்டோவெல்லாம் அந்தப் பெட்டிலதான். அங்கிருந்தே திறந்து பார்ப்பான்.

இன்னைக்கு ஆயுத பூஜை. மத்தியானம் கரண்ட் போயிட்டு வந்துச்சு. பெட்டில ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா பதிலே இல்ல. தம்பி போன் மேல போன் பண்றான். "என்னாச்சுண்ணே?"

எனக்கு எப்படிடா தெரியும்?

நாகல் நகர்ல டிடிபி கடை வச்சிருக்கிற செல்வம் அண்ணன்கிட்ட, என்னன்னு பார்க்க ஒரு மானிட்டர் கேட்டு ஓடினேன். மானிட்டர், கீபோர்ட் எல்லாம் சந்தனம் குங்குமத்தோட சாமி முன்னால இருக்கு.

"பூஜைல வச்சதை இன்னைக்குத் தொடக் கூடாதுப்பு. நாளைக்கு வா."

நாளைக்கா? இருப்புக்கொள்ளல. அப்பதான் வீட்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கிற அந்தோணி அண்ணன் ஞாபகம் வந்துச்சு. அவரு வீட்ல பூஜை கிடையாதே! அவரோட மானிட்டரை மடில வச்சுக்கிட்டு ஆட்டோல வந்தேன்.

மாட்டினதும் திரையில இங்கிலீஷ்ல ஒரே வரி: கீபோர்டைக் காணோம், தொடர எஃப்1 அமுக்கவும்.

இல்லாத கீபோர்டுல எதைய்யா அமுக்குறது?

மறுபடி ஆட்டோ பிடிச்சு அவரோட கீபோர்டையும் வாங்கிட்டு வந்து மாட்டித் திரும்ப ஆன் பண்ணேன். ஓடுச்சு. தம்பி மகளைப் போட்டோல பார்த்துட்டான்.

இப்ப அந்தோணி அண்ணன் மானிட்டரைத் திருப்பி வாங்கிக் கைல வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. "உன் பெட்டிக்குத்தான் எதுவும் தேவையில்லையேப்பு, கீபோர்டைக் குடு."

கழட்டக் கை வரல. கரண்ட் எப்ப வேணா மறுபடி போகும், கீபோர்ட் இல்லன்னா பெட்டி திரும்ப அதே வரிலயே நின்னுடும். அவருகிட்ட என்னன்னு சொல்ல?