பந்து நேராகத்தான் வந்தது

நான் பந்தைச் சுரண்டினேன். அருள்தாசன் ஆட்டமிழந்தது அவனுடைய பிழையால் அல்ல, என் விரலால்!

மூன்று வருடங்களாக இதை எவருக்கும் சொல்லவில்லை. பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட... பொய், பொறாமை என்று எதையெதையோ அடுக்கிவிட்டு, இதை மட்டும் விழுங்கிக்கொண்டு எழும்பி வந்தேன். உங்களிடம் சொல்கிறேன். மன்னிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்பதால்தான் சொல்ல முடிகிறது.

உயிலங்குளத்து அருள்தாசன் எனக்கு என்ன செய்தான்? பேசாலையில் நடந்த கிரிக்கெட் போட்டியில், எங்கள் ஊர்ச்சனம் முழுவதும் பார்த்திருக்க, துடுப்பை ஊன்றிக்கொண்டு நடுவரிடம் சொன்னான்:

"இவர் பந்து போடேல்லை சேர், எறியிறார். முழங்கை மடியுது, வடிவாப் பாருங்கோ."

ஒரு வருடம் என்னைப் பந்துவீச விடவில்லை. கடைக்குப் போனாலும் கையை மடித்துக் காட்டிச் சிரித்தார்கள்.

அவன் பொய் சொல்லியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ... அவன் சொன்னது உண்மை! என் கை மடிந்ததுதான். அதனாலேயே அவன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கையை நேராக்கப் பழகினேன். நேராக்கியதும் வேகம் போய்விட்டது. வேகம் போனவனுக்குப் பந்து வளைய வேண்டும். நானோ ஃபைபர் படகு திருத்துபவன். பகல் முழுக்கத் தேய்ப்பதுதான் என் வேலை. பந்தின் ஒரு பாதி பளபளப்பாகவும் மறுபாதி சொரசொரப்பாகவும் இருந்தால், தையலை நேரே பிடித்து என் வேகத்தில் வீசும்போது, அது சொரசொரப்பான பக்கமாகக் காற்றிலேயே வளையும். அளவாகத் தேய்க்க வேண்டும். என் கண்ணில் பட்டால் நடுவர் கண்ணிலும் படும்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வந்தது. அருள்தாசன் எதிரணி. அன்று நன்றாக அடித்தால் அவனுக்கு இடம் உறுதி என்று பேச்சு. என் நடுவிரலில் பிளாஸ்டர், அதன்மேல் நகமளவு சான்ட் பேப்பர். படகு வேலை செய்பவனின் விரலில் பிளாஸ்டரைக் கண்டு யார் சந்தேகப்படுவார்கள்? ஒரு பாதியைக் காற்சட்டையில் துடைத்தேன். மறுபாதியை விரலால் உரசினேன்.

வெளியே போகும் பந்தென்று அவன் துடுப்பைத் தூக்கி, அடிக்காமல் விட்டுவிட்டான். அது உள்ளே வளைந்து நடு ஸ்டம்பைப் பெயர்த்தது. ஆகா, அந்த முகம்! என் கலியாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோசப்படவில்லை.

அவனை அணியில் எடுக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம்...

மறுவாரம் என் படகுக் கொட்டிலுக்கு வந்தான்.

"மச்சான், அந்தப் பந்து எனக்கு விளங்கவே இல்லை. உண்மையாத் திரும்பினதோ? இல்லாட்டி என்ர கண்ணிலதான் பிழையோ?"

ஒரு வார்த்தை போதும், அவன் நிம்மதியாகப் போயிருப்பான்.

"நேராத்தான் வந்தது. உனக்குத்தான் பார்வை காணாது" என்றேன்.

அதன்பிறகு அவன் துடுப்பைத் தொடவில்லை. நான் பழிவாங்கியது மைதானத்திலா, கொட்டிலிலா? நீங்களே சொல்லுங்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கண்டேன். கண்ணாடி போட்டிருந்தான்.

"கண்ணில ஒரு குறையுமில்லை எண்டுதான் டொக்டர் சொன்னவர். நான்தான் விடாமல் கேட்டு வாங்கினனான். பந்து போட்டவன் நீயே சொன்னனி, பார்வை காணாதெண்டு... உனக்குத் தெரியாததோ, மச்சான்?"

சொல்ல வாயெடுத்தேன். கையை மடித்துக் காட்டிச் சிரித்தவர்களில் இருவர் பக்கத்தில் நின்றார்கள்.

"ஓம்" என்றேன். நாளைக்குக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வேன்.